தங்கம் தேடி வந்தவர்கள் தங்கிவிட்ட ஊர்!

மெல்போர்னில் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. கடற்கரைச் சாலை பார்த்தாயிற்று. குட்டிப் பெங்குவின்கள் இருட்டில் கரையேறுவதைப் பார்த்தாயிற்று. கங்காருவுக்குத் தீனி கொடுத்துப் போட்டோவும் எடுத்தாயிற்று.

“இந்த சனிக்கிழமை எங்கேப்பா போகலாம்?” என்று மகள் கேட்டாள்.

என் கணவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். “ஊருன்னு ஒண்ணு இருந்தா காட்டும்மா. பழைய ஊரு. மால் மாலா சுத்தினது போதும்.”

அந்தக் குரலில் கொஞ்சம் காரம் இருந்தது. காரணம் எங்கள் நால்வருக்குமே தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்பு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆஸ்திரேலியக் குடியுரிமை வழங்கும் விழாவுக்குத் தேதி குறித்துக் கடிதம் வந்திருந்தது. நாங்கள் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டிருந்த நாளிலிருந்து பத்தாவது நாள் விழா. “டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுக்கலாமாப்பா? நீங்களும் இருந்தா நல்லாருக்கும்” என்று அவள் கேட்டதற்கு, “பார்க்கலாம்” என்றார். நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தப் ‘பார்க்கலாம்’ புரியும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இதை வாங்கினால் அதைக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அவருக்குத் தொண்டையில் சிக்கிய முள்.

மாப்பிள்ளைதான் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். பீச்வொர்த். விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மெல்போர்னிலிருந்து சுமார் 280 கிலோமீட்டர். “தங்கம் கிடைச்ச ஊரு அத்தை. நூத்தி எழுபது வருஷமா அப்படியே வச்சிருக்காங்க” என்றார். தங்கம் என்றதும் நான் தயார்!

காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டோம். இட்லியும் மிளகாய்ப்பொடியும் டப்பாவில். ஹியூம் நெடுஞ்சாலை, சிட்னிக்குப் போகிற அதே பெரிய சாலை. இரண்டு பக்கமும் காய்ந்த புல்வெளி, ஆடுகள், மறுபடி புல்வெளி, மறுபடி ஆடுகள். மனிதர்களே கண்ணில் படவில்லை. “இந்த ஊர்ல யாருமே இல்லையா?” என்று நான் கேட்க, எட்டு வயதுப் பேரன், “பாட்டி, இது ஊர் இல்ல. இது நடுவுல” என்றான்.

க்ளென்ரோவன் என்ற சிற்றூரில் காபிக்கு நிறுத்தியபோது, இரும்புத் தொப்பியும் கையில் துப்பாக்கியுமாக ஒரு ராட்சதச் சிலை சாலையோரம் நின்றது. நெட் கெல்லி. ஆஸ்திரேலியாவின் மிகப் பிரபலமான கொள்ளைக்காரன். 1880 ஜூனில் அவன் போலீஸோடு கடைசியாக மோதிப் பிடிபட்டது இந்த ஊரில்தான். கலப்பைத் தகடுகளை அடித்து வளைத்துக் கவசம் செய்து போட்டுக்கொண்டு துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்து வந்தவன். பேரனுக்கு அவன் பெரிய ஹீரோ. அன்று முழுக்க அவன் எங்களை விடவில்லை!

தேன் நிறத்தில் ஓர் ஊர்

வாங்கரட்டாவைத் தாண்டி சாலை மலையேறத் தொடங்கியதும் காட்சி மாறியது. ஏப்ரல் கடைசி, அங்கே இலையுதிர் காலம். ஊருக்குள் நுழைகிற சாலையின் இருபுறமும் மரங்கள் மஞ்சளும் ஆரஞ்சும் குங்குமச் சிவப்புமாக நின்றன. மகள் ஒரு விஷயம் சொன்னாள். ஆஸ்திரேலியாவின் சொந்த மரமான யூகலிப்டஸ் இலையுதிர்காலம் வந்தாலும் மொத்தமாக உதிர்க்காது, எப்போதும் பச்சைதான். இப்படி நிறம் மாறி உதிர்கிற எல்ம், ஓக், மேப்பிள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர் ஞாபகத்தில் கொண்டுவந்து நட்டவை. நூறு வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் நின்றும் பழைய ஊர் வழக்கப்படியே உதிர்க்கின்றன.

ஊர் சின்னது. மக்கள்தொகை நாலாயிரத்தைத் தொடாது. ஃபோர்டு தெரு, கேம்ப் தெரு என்று இரண்டு முக்கியத் தெருக்கள். நடைபாதைக்கு மேலே தகரக் கூரை இறக்கிய பழைய கடைகள். ஃபோர்டு தெருவில் வரிசையாக நிற்கிற அரசுக் கட்டடங்கள்தான் பார்க்க வேண்டியவை. கோர்ட், தந்தி நிலையம், இன்னும் சில. எல்லாம் உள்ளூர் கிரானைட் கல்லில், வெயில் பட்டால் தேன் நிறத்தில் மின்னுகின்றன. கிரானைட் என்றால் நமக்குக் கறுப்பும் சாம்பலும்தான் ஞாபகம் வரும். இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

1852 பிப்ரவரி வரை இது ஆட்டுப் பண்ணை. ஸ்பிரிங் கிரீக் என்ற ஓடையில் தங்கத் துகள் தட்டுப்பட்டது. அவ்வளவுதான். அந்த வருடம் முடிவதற்குள் ஆயிரக்கணக்கான பேர் கூடாரம் போட்டுவிட்டார்கள். ஆழமாகச் சுரங்கம் தோண்ட வேண்டிய அவசியம் ஆரம்பத்தில் இல்லை. ஓடை மணலை அள்ளித் தட்டில் போட்டுத் தண்ணீரில் சுழற்றினால், கனமான தங்கம் அடியில் தங்கும். மேலோட்டமான மணல் தீர்ந்த பிறகு, தூரத்திலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்து, மண்ணையே கரைத்து ஓடவிட்டு எடுத்தார்கள். ஊரில் இன்று அழகாக இருக்கிற சாம்பெல் ஏரிகூடப் பழைய தங்கக் குழிதான். வாத்துகள் நீந்துகின்றன.

அந்தக் காலப் பணத்திமிருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். 1855-ல் தேர்தல். டேனியல் கேமரன் என்பவரை ஆதரித்த தங்கக்காரர்கள், அவர் ஏறி வந்த குதிரைக்குத் தங்கத்தில் லாடம் அடித்தார்களாம்! “சவரன் விற்கிற விலைக்கு அந்தக் குதிரை வீடு போய்ச் சேர்ந்திருக்குமா?” என்றேன். கணவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

ஆனால் இந்த மண்ணின் கதை 1852-ல் தொடங்கவில்லை. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே துதுரோவா, வேவுரு போன்ற பழங்குடி மக்களின் பூமி இது. ஊருக்கு வெளியே பைலட் மலையருகே யெட்டன்பா என்ற இடத்தில் அவர்கள் பாறையில் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. அதிலொன்று, டாஸ்மேனியப் புலி. ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் அந்த மிருகம் அழிந்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகிறது. கடைசியாக உயிரோடிருந்தது 1936-ல் ஹோபார்ட் மிருகக்காட்சி சாலையில் இறந்தது. அப்படியானால் அந்தப் பாறையில் வரைந்தவர் எவ்வளவு காலத்துக்கு முந்தியவர்! நேரமில்லாததால் நாங்கள் போகவில்லை. திரும்பி வந்த பிறகு, கோர்ட்டுக்குப் பதிலாக அதற்குப் போயிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. பேரனிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு தாயும் கைக்குழந்தையும்

கோர்ட் 1858-ல் கட்டியது. 1989 வரை வழக்குகள் நடந்திருக்கின்றன. நீதிபதி நாற்காலி, ஜூரிகளின் பெஞ்சு, குற்றவாளிக் கூண்டு எல்லாம் பழையபடியே. பேரன் நேராகக் கூண்டில் ஏறி நின்றுகொண்டு, “நான் நெட் கெல்லி!” என்றான்.

பதினான்கு வயதில், ஆ ஃபூக் என்ற சீன வியாபாரியை அடித்துப் பணம் பறித்ததாக முதன்முதலில் கைதானபோதே கெல்லிக்கும் போலீஸ் காவலுக்கும் உறவு தொடங்கிவிட்டது. அந்த வழக்கு நிற்கவில்லை. அப்புறம் இதே ஊர்ச் சிறையில் தண்டனை. வெளியே வந்த பிறகு 1874-ல், தன்னை ஜெயிலில் தள்ளக் காரணமானவனோடு ஒரு ஹோட்டலின் பின்கட்டில் வெறும் கையால் இருபது சுற்று குத்துச்சண்டை. கெல்லி ஜெயித்தான். 1878-ல் அவனும் கூட்டாளிகளும் மூன்று போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த மூவரில் இருவருக்கு மனைவி மக்கள் இருந்தார்கள் என்பதைக் கெல்லி படம் போட்ட டீ-ஷர்ட் விற்கிற கடைகள் சொல்வதில்லை. பணக்காரப் பண்ணையார்களையும் போலீஸையும் எதிர்த்த ஏழைப் பங்காளன் என்று ஒரு கட்சி, கொலைகாரன் என்று ஒரு கட்சி. சண்டை இன்றும் ஓயவில்லை.

எனக்கோ மனசு அவன் அம்மாவிடம் நின்றுவிட்டது. எல்லன் கெல்லி. சின்னப் பெண்ணாக அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவள். கணவனை இழந்து ஒரு கூட்டம் பிள்ளைகளை வளர்த்தவள். தன் வீட்டுக்கு வந்த போலீஸ்காரரைக் கொல்ல முயன்றதற்கு உடந்தை என்று, 1878 அக்டோபரில் இதே ஊரில் வழக்கு நடந்து அவளுக்கு மூன்று வருடச் சிறை. தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி ரெட்மண்ட் பேரி. அவள் இடுப்பில் சில மாதக் கைக்குழந்தை இருந்தது. அதோடுதான் உள்ளே போனாள்.

இரண்டு வருடம் கழித்து, 1880-ல், நெட் கெல்லியின் முதல்கட்ட விசாரணையும் இங்கேதான். உள்ளூரில் அவனுக்கு ஆதரவு அதிகம் என்பதால் கொலை வழக்கை மெல்போர்னுக்கு மாற்றினார்கள். அங்கே தூக்குத் தண்டனை விதித்தவரும் அதே ரெட்மண்ட் பேரிதான். நவம்பர் 11-ம் தேதி அவனைத் தூக்கிலிட்டபோது அவனுக்கு வயது 25. அதே சிறைச்சாலையில் அவன் அம்மாவும் கைதியாக இருந்தாள். முதல் நாள் ஒருமுறை பார்க்க விட்டார்களாம். மகன் போன பிறகு அவள் 1923 வரை வாழ்ந்தாள்.

இதைப் படித்துவிட்டு வெளியே வந்து கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நம் பிள்ளை இருக்கிற நாட்டில் நாம் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல்... விடுங்கள். பேரன் ஐஸ்கிரீம் கேட்டுவிட்டான்.

போலீஸ் அதிகாரியும் ஒட்டகங்களும்

பக்கத்திலேயே பர்க் மியூசியம். ராபர்ட் ஓஹாரா பர்க் இந்த ஊரில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். வழி தவறுவதில் பெயர் பெற்றவர் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவரைத்தான் 1860-ல் கண்டத்தின் தெற்கிலிருந்து வடக்கே கடந்து வரும் பயணத்துக்குத் தலைவராக்கினார்கள்! அதற்கு இருபத்து நாலு ஒட்டகங்கள் இந்தியாவிலிருந்து, கராச்சி துறைமுகம் வழியாகக் கப்பலில் வந்தன. ஒட்டகத்தைப் பழக்கத் தெரிந்த சிப்பாய்கள் சிலரும் கூடவே வந்தார்கள். போய்ச் சேர்ந்தார்கள், திரும்பும் வழியில் பர்க்கும் அவருடைய துணைத் தலைவர் வில்ஸும் 1861-ல் பசியால் இறந்தார்கள். உடன் இருந்த ஜான் கிங் மட்டும் பிழைத்தார், பழங்குடியினர் சோறு போட்டுக் காப்பாற்றியதால். மியூசியத்தில் பழைய கடைத்தெரு ஒன்றை உள்ளேயே கட்டி வைத்திருக்கிறார்கள். பாடம் செய்த டாஸ்மேனியப் புலியும் இருக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் விட்டுவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு பீச்வொர்த் பேக்கரி. 1984-ல் தொடங்கி இப்போது பெயர் பெற்ற கடை. ‘நெட் கெல்லி பை’ என்று மாட்டிறைச்சியும் முட்டையும் வைத்த ஒன்று அங்கே பிரசித்தம். எங்களுக்கு அது ஆகாது. கஸ்டர்ட் நிரப்பி, மேலே தேன் பூசிய ‘பீஸ்டிங்’ என்ற பன் வாங்கிக்கொண்டு, டப்பாவில் இருந்த இட்லியை மாடி வராண்டாவில் வைத்துத் தின்றோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து மேசைப் பாட்டி மிளகாய்ப்பொடியைப் பார்த்து, “இது என்ன மசாலா?” என்று கேட்டுத் தொட்டு நக்கிப் பார்த்தார். பிறகு நிறையத் தண்ணீர் குடித்தார்.

போக நினைக்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். கார் இல்லாவிட்டால் மெல்போர்னிலிருந்து வாங்கரட்டா வரை ரயில், அங்கிருந்து பஸ். ஏப்ரல், மே மாதங்கள் கண்ணுக்கு விருந்து, ஆனால் ஸ்வெட்டர் கட்டாயம். பழைய ரயில் பாதையை சைக்கிள் பாதையாக்கி வைத்திருக்கிறார்கள், முழங்கால் நன்றாக இருக்கிறவர்கள் ஓட்டலாம். கோர்ட், மியூசியம் எல்லாம் நடந்தே பார்த்துவிடும் தூரம். ஒரு இரவு தங்கினால் நிதானமாக இருக்கும். நாங்கள் ஒரே நாளில் போய்த் திரும்பியது அவசரம்தான்.

ஊர் எப்படிப் பிழைத்தது?

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. தங்கம் தீர்ந்தால் ஊரும் தீர்ந்துவிட வேண்டாமா? அந்தக் காலத்துத் தங்க ஊர்கள் பல இன்று வெறும் பெயர்ப் பலகைதான்.

பீச்வொர்த் பிழைத்ததற்குக் காரணம், அடைத்து வைக்கும் தொழில் என்று சொல்லலாம்! சிறை, முதியோருக்கான காப்பகம், 1867-ல் திறந்த மேடே ஹில்ஸ் மனநல மருத்துவமனை எல்லாம் இங்கே இருந்தன. தங்கம் குறைந்தபோதும் வார்டனும் நர்சும் சமையல்காரரும் சம்பளம் வாங்கினார்கள். இன்னொரு பக்கம், 1873-ல் மெல்போர்னிலிருந்து வடக்கே போட்ட முக்கிய ரயில் பாதை வாங்கரட்டா வழியாகப் போய்விட்டது. பீச்வொர்த்துக்குக் கிளைப் பாதைதான் வந்தது. அதனால் ஊர் வளரவும் இல்லை. வளர்ந்திருந்தால் பழைய கட்டடங்களை இடித்துப் புதுசு கட்டியிருப்பார்கள். இடிக்கக் காசில்லாமல் போனது நல்லதாயிற்று.

மனநல மருத்துவமனையை 1995-ல் மூடினார்கள், சிறையை 2004-ல். மருத்துவமனையின் கட்டடங்களுக்கு இப்போது ராத்திரியில் ‘பேய் டூர்’ நடத்துகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குணமாகாமல் அங்கேயே கிழமாகிச் செத்தவர்களை வைத்துப் பயம் காட்டிக் காசு பார்ப்பது என்ன ரசனையோ! மாப்பிள்ளை, “சும்மா ஜாலிக்கு அத்தை” என்றார். இருக்கட்டும்.

இரண்டு கோபுரங்கள்

“கல்லறைக்குப் போகலாமா?” என்று மாப்பிள்ளை கேட்டபோது என் கணவர் முகத்தைச் சுளித்தார். “ஊர் சுத்த வந்த இடத்துல சுடுகாட்டுக்கா?”

போனோம். ஊரின் விளிம்பில் பெரிய கல்லறைத் தோட்டம். முன்பக்கம் பளிங்குச் சிலுவைகள், தேவதைகள். உள்ளே நடந்து போனால், ஓர் ஓரத்தில் சீனர் பகுதி. ஆளுயரத்துக்கு மேல் கூம்பாக எழும் இரண்டு கோபுரங்கள், நடுவில் ஒரு பீடம். 1857-ல் கட்டியவை. இறந்தவர்களுக்காகக் காகிதத்தில் எழுதிய வேண்டுதல்களையும் காகிதப் படையல்களையும் இந்தக் கோபுரங்களுக்குள் போட்டு எரிப்பார்கள். புகை போய்ச் சேரும் என்று நம்பிக்கை. சுற்றிலும் முழங்கால் உயரம்கூட இல்லாத சின்னச் சின்னக் கல் பலகைகள், வரிசை வரிசையாக. இங்கே சுமார் இரண்டாயிரம் பேர் புதைந்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கப்பல் கட்டணத்துக்குக் கடன் வாங்கி வந்தவர்களே அதிகம். தங்கம் எடுத்துக் கடனை அடைத்து, மீதியோடு ஊர் திரும்பி நிலம் வாங்க வேண்டும் என்பதுதான் திட்டம். பெண்கள் கிட்டத்தட்ட யாருமே வரவில்லை. ஏனென்றால் தங்குவதற்கு வரவில்லை.

1855-ல் விக்டோரியா அரசு, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் பத்துப் பவுண்டு வரி போட்டது. வேறு யாருக்கும் இல்லை, சீனர்களுக்கு மட்டும். அதைத் தவிர்க்கப் பக்கத்து மாநிலத்தில் ரோப் என்ற துறைமுகத்தில் இறங்கி, தங்க வயல்களுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே வந்தார்கள். தோளில் காவடி போலக் கூடை.

கோபுரங்கள் கட்டிய அதே 1857-ல், ஜூலை 4-ம் தேதி, இங்கிருந்து மலைப் பக்கம் இருக்கிற பக்லேண்ட் பள்ளத்தாக்கில் வெள்ளைக்காரத் தங்கக்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி, அங்கிருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்களை அடித்து விரட்டினார்கள். கூடாரங்களையும் கடைகளையும் கொளுத்தினார்கள். குளிர்காலம். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் மூன்று பேர். அடக்கப் போன போலீஸ் படைக்குத் தலைவர், நாம் மியூசியத்தில் பார்த்த அதே பர்க். வழக்கு பீச்வொர்த்தில் நடந்தது. பெரிய குற்றச்சாட்டுகள் எதிலும் ஜூரிகள் யாரையும் தண்டிக்கவில்லை.

அப்புறமும் அவர்கள் இங்கே இருந்தார்கள். காய்கறி போட்டார்கள், கடை வைத்தார்கள். 1870-களில் ஊர் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்ட நடந்த திருவிழாவில் பட்டுடை உடுத்து ஊர்வலம் வந்து பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். செத்துப்போனால், சில வருடம் கழித்து எலும்புகளை எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

மகள் ஒரு கல்லின் முன் குனிந்து நின்றாள். எழுத்துகள் பாதி தேய்ந்திருந்தன. “இதுல பேரோட ஊரையும் போட்டிருப்பாங்களாம்ப்பா. எந்த மாவட்டம், எந்த கிராமம்னு.”

கணவர் பதில் சொல்லவில்லை. வரிசையாக நடந்து ஒவ்வொரு கல்லாகப் பார்த்தார். அந்த எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தார். பிறகு கோபுரத்தின் கரி படிந்த வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “நீ எந்த ஊருன்னு உன் பையனுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மகள் பேரனைக் கூப்பிட்டாள். அவன் ஓடிவந்து ஒப்பித்தான், தாத்தாவின் கிராமத்துப் பெயர், தாலுகா, ஜில்லா, ஆற்றின் பெயர் வரைக்கும். ‘ழ’ மட்டும் கொஞ்சம் நழுவியது.

“யார் சொல்லிக் கொடுத்தா?”

“அம்மாதான். தினமும் ஸ்கூலுக்கு நடந்து போறப்போ.”

வார்த்தைக்குக் காசு

திரும்பும் வழியில் தந்தி நிலையத்தை எட்டிப் பார்த்தோம். 1858-ல் மெல்போர்னோடு இந்த ஊரை இணைத்த நிலையம். அதுவரை குதிரையில் வந்துகொண்டிருந்த சேதி, நிமிடங்களில் வரத் தொடங்கியது. நாங்கள் போன நேரம், வயதான தன்னார்வலர் ஒருவர் உட்கார்ந்து மோர்ஸ் கருவியைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் தந்தி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தவர். ‘கட்டு கடா’ என்று மோர்ஸ் தட்டிக் கற்றவர். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி சேவையை நிறுத்தியபோது, வீட்டில் யாரோ இறந்த மாதிரி இரண்டு நாள் பேசாமல் இருந்தார். தந்தி என்றாலே நம் வீடுகளில் பயம்தானே! தபால்காரர் நேரங்கெட்ட நேரத்தில் வந்தால் பிரிப்பதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுவோம். ஆயிரக்கணக்கான சாவுச் சேதிகள் இவர் விரல் வழியே போயிருக்கின்றன.

அந்தச் சத்தம் கேட்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார். தன்னார்வலர் தட்டத் தட்ட, இவர் உதடு எழுத்து எழுத்தாக முணுமுணுத்தது. அந்த மனிதர் கவனித்துவிட்டார். எழுந்து நாற்காலியைக் காட்டினார். இவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் தயங்கித்தான் வரும், ஆனால் அங்கே இருவருக்கும் அது தேவைப்படவில்லை. கொஞ்சம் தடுமாறி, பிறகு விரல் பிடித்துக்கொண்டது. பேரன் வாயைப் பிளந்து பார்த்தான். காலையிலிருந்து முதல்முறையாக நெட் கெல்லியை மறந்திருந்தான்.

ஞாபகத்துக்கு ஒரு தந்தி எழுதலாம் என்று படிவம் கொடுத்தார்கள். இவர் பாக்கெட்டிலிருந்து தன் பேனாவை எடுத்தார். எழுதி, எங்களுக்குக் காட்டாமல் மடித்துக்கொண்டார்.

காரில் ஏறிய பிறகு, பின் சீட்டிலிருந்து அதை முன்னால் நீட்டினார். “தந்தி வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ.”

மகள் பிரித்தாள். ஆங்கிலப் பெரிய எழுத்தில், தந்தி ஆபீஸ் பழக்கம், ஒரு வார்த்தைகூட வீணில்லை.

டிக்கெட் மாற்று. விழாவுக்கு இருக்கிறோம். அப்பா.